இரண்டாவது வேட்டு

1

இந்தக் கதை என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "வேலையில்லாத கிழவன் ஊர் வம்பை எழுதுகிறான்" என்பீர்கள். வேலையில்லை என்பது சரிதான், கிழவன் என்பதும் சரிதான். ஆனால் இது ஆர்டரின் பேரில் செய்கிற சரக்கு.

ஆர்டர் கொடுத்தவர் மேக்கமாடண்ட பெள்ளியப்பா. மாலக்கேரி மலை மாரத்தானைத் தொடங்கியவர், நடத்தியவர், ஒரே தடவையோடு மூட்டை கட்டியவர். போன மாதம் ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை ஆரஞ்சு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ நல்லாப் பொய் எழுதுவியாமே, ரைட்டர்?"

(நான் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்களின் வருகையை எழுதுவதுதான் அந்த வேலை. அந்தப் பெயரை வைத்தே ஊரில் பாதிப் பேர் என்னை எழுத்தாளன் என்று நம்புகிறார்கள். மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.)

"சுமாரா எழுதுவேன்" என்றேன்.

"மாரத்தானைப் பத்தி எழுது. எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்து. நான் ஒரு தடவைதான் சுட்டேன்னு எழுது."

"எழுதிட்டா?"

"எழுதிட்டு, அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு பார்த்து எனக்குச் சொல்லு."

ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு பழம் தின்றுவிட்டேன். அதனால் இனி எழுதாமல் இருக்க முடியாது.

2

முதல் தொடக்கம்: "பனிப் போர்வை போர்த்திய குடகு மலைச்சாரலில், காப்பிப் பூக்களின் நறுமணம் கமழும் மாலக்கேரி என்னும் அழகிய சிற்றூரில்—"

அடித்துவிட்டேன். இது விடுதி விளம்பரம். மேலும் மாரத்தான் நடந்தது அக்டோபரில். அந்த மாதத்தில் காப்பி பூக்காது. அட்டைதான் கமழும்.

இரண்டாவது தொடக்கம்: "டுமீல்!"

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சத்தம் கேட்டவுடன் நீங்கள் என்ன செய்வீர்கள்? "ஓ, ஓட்டம் ஆரம்பம்" என்று நினைத்துக்கொள்வீர்கள். மாலக்கேரிக்காரன் அப்படி நினைக்கமாட்டான். அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான், இன்னொன்று வருகிறதா என்று.

குடகில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. வீட்டில் பையன் பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. (எங்கள் ஊர்ச் சோண்டம்மா மட்டும் தன் மகளுக்குப் பெண் பிறந்தபோதும் சுட்டாள். தடுக்க வந்தவர்களையும் சுட்டுவிடுவேன் என்றாளாம்.) யாராவது இறந்தால் அடுத்தடுத்து இரண்டு வேட்டு. இரட்டை வேட்டு காதில் விழுந்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, வெள்ளை உடுத்திக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகவேண்டும். அடுப்பில் இருப்பது கருகினால் கருகட்டும். அழைப்பு கிடையாது, ஆள் அனுப்புவது கிடையாது. அந்தச் சத்தமே போதும்.

இது தெரியாமல் கதைக்குள் வந்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. இது தெரிந்தே பெள்ளியப்பா அப்படிச் செய்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

3

பெள்ளியப்பா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

எழுபதைத் தாண்டியவர். காட்டுப்பன்றி மாதிரி உடம்பு, நேராக மட்டுமே போகத் தெரிந்தவர். அவர் இந்த மலையில் நின்று தும்மினால் அடுத்த மலையில் "நூறாயுசு" என்பார்கள். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், விடியற்காலையில் ஆயிரக்கணக்கான பேர் பனியனில் எண் குத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறார்.

"எதுக்கு ஓடறாங்க?"

"சும்மாதாம்ப்பா. உடம்புக்கு நல்லது. இப்பல்லாம் அழகான ஊராப் பார்த்துப் போய் ஓடறாங்க."

"அட, நம்ம ஊர் அழகா இல்லையா? நம்ம மேட்டுல ஓடினா உயிரே போகுமே!"

இப்படித்தான் ஆரம்பித்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். என் சந்தேகம் வேறு. ஓட்டப் பாதையை வகுத்தவர் அவர். பள்ளி மைதானத்தில் தொடங்கி, மூங்கில் காடு வழியாக, ஓடையைத் தாண்டி, பன்றிமூச்சு மேட்டில் ஏறி, மறுபடி மைதானம். இருபத்தொரு கிலோமீட்டர், முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் இரண்டு சுற்று, சின்னவர்களுக்குப் பத்து கிலோமீட்டர். இதில் ஓடைக்குப் பிறகு பாதை ஏன் வலப்பக்கம் திரும்பி, ஒரு வளையம் போட்டு, மேக்கமாடண்டக் குடும்பத்தின் பரம்பரை மூல வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு வரவேண்டும்?

கேட்டேன்.

"ரோடு அப்படித்தான் போகுது."

"போகலையே. நேராப் போகுதே."

"தூரம் பத்தல. அதான் வளைச்சேன். நீ ஓட்டத்தை எழுது, ரோட்டை எழுதாத."

மூல வீட்டில் இருந்தவர் அவருடைய அண்ணன் மாச்சய்யா. ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

நிலத்தகராறு என்று நினைப்பீர்கள். இல்லை, ஹாக்கி. எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு அணி உண்டு. மாமனார், மருமகள், பேரன் எல்லாரும் ஒரே அணியில் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்த வருஷம் மேக்கமாடண்ட அணி என்றும் இல்லாத திருநாளாகக் கால் இறுதிக்கு வந்துவிட்டது. கோல் காப்பவர் மாச்சய்யா, தலைவர் பெள்ளியப்பா. பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் உள்ளே போய்விட்டது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி கையை நீட்டி, "அண்ணே, கோட்டைத் தாண்டி வெளிய போய் உட்காருங்க" என்றார். அண்ணன் இடத்தில் தன் மருமகளை நிறுத்தினார். அவள் புலி மாதிரி நின்றாள். ஆனாலும் தோற்றுப்போனார்கள்.

மாச்சய்யா காலில் கட்டியிருந்த காப்புகளைக் கழற்றிக் கோல் கம்பத்தடியில் ஒழுங்காக அடுக்கி வைத்தார். நடந்து வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை. வைதிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும்.

எனவே, வாசகரே, நீங்களும் நானும் ஊகிப்பது இதுதான்: முந்நூறு பேர் அந்த வாசல் வழியாக ஓடும்போது, கூச்சல் கேட்டு அண்ணன் வெளியே வந்து நிற்பார். ஓட்டத்தோடு கூடப் போய்வருகிற சைக்கிள்காரனிடம் தம்பி கேட்பார், "நின்னாரா?" என்று. "நின்னார்" என்று பதில் வரும். இந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் ஒரு மாரத்தானையே—

இந்த வாக்கியத்தை முடிக்கவேண்டாம் என்று பெள்ளியப்பாவே கேட்டுக்கொண்டார்.

4

இங்கே கொஞ்சம் சிரிக்கலாம். பிறகு நேரம் கிடைக்காது.

பாதை நெடுக ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பந்தல் போட்டு, ஓடுகிறவர்களைக் கவனிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பெள்ளியப்பா கூட்டம் போட்டுச் சொன்னார்: தண்ணீர், வாழைப்பழம், உப்பு. வேறொன்றும் கூடாது.

சோண்டம்மா எழுந்தாள். அறுபத்தைந்து வயது, தனி ஆளாகத் தோட்டம் பார்க்கிறவள்.

"வெறும் தண்ணியா?"

"ஆமா சோண்டம்மா. ஓடறவங்களுக்கு அதான் நல்லது."

"வாசல் வழியாப் போற மனுஷனுக்கு வெறும் தண்ணி குடுத்த வீடுன்னு நாளைக்கு என் பேரைச் சொல்லுவாங்களே, நீ வந்து பதில் சொல்லுவியா?"

"அவங்க விருந்துக்கு வரல. ஓட வர்றாங்க."

"சாப்பிட்டுட்டு ஓடட்டும். நான் என்ன காலையா கட்டிப் போடறேன்?"

கடைசியில் பந்தல்களில் என்ன இருந்தது என்றால்: கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை, பன்றிக்கறி, அவித்த முட்டை, தேன், நெய்யில் வறுத்த வாழைக்காய், ஒரு வீட்டில் ஆட்டுக்கால் சூப். சோண்டம்மா பந்தலில் அவள் வீட்டிலேயே காய்ச்சிய நெல்லிக்காய் ஒயின், ஒரு பெரிய பாத்திரம் நிறைய. சோண்டம்மாவின் ஒயினை மோந்து பார்த்த ஈ ஒன்று பத்து நாள் தத்துவம் பேசியது.*

* மிகைதான். மூன்று நாள்தான் பேசியது.

5

இனி வேட்டு.

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மைதானத்தில் பனி. பக்கத்தில் நிற்பவன் மனிதனா கோல் கம்பமா என்று தொட்டுத்தான் சொல்லவேண்டும். பெங்களூர், மைசூர், சென்னை என்று பல ஊரிலிருந்தும் வந்தவர்கள் கோட்டுக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெள்ளியப்பா கறுப்புக் குப்பச அங்கி, சிவப்புப் பட்டுக் கச்சை, இடுப்பில் வெள்ளிப் பிடி போட்ட கத்தி என்று மாப்பிள்ளை மாதிரி நின்றார். கையில் அப்பா காலத்து இரட்டைக் குழல். ஆயுதங்களுக்குப் பூசை செய்கிற கைல்போள்து பண்டிகைக்குத் துடைத்துப் பூ வைத்த வாசனை இன்னும் அதில் போகவில்லை.

பெள்ளியப்பா அந்த நேரம் என்ன நினைத்தார்? (கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.) சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி மூல வீட்டுக்குப் போகும் என்று நினைத்தார். அப்பாவின் துப்பாக்கிச் சத்தம் அண்ணனுக்குத் தெரியும். படுத்திருந்தாலும் தெரியும். மாச்சய்யா அந்த மழைக்காலம் முழுக்க நெஞ்சுச் சளியோடு படுக்கையில் இருந்தார்.

சுட்டார். மலை அதிர்ந்தது. ஓட்டக்காரர்கள் பாய்ந்தார்கள்.

அப்போது கீழே மண்டி போட்டிருந்த படக்காரர் தலையைத் தூக்கினார். பெங்களூரிலிருந்து வந்தவர், நல்ல மனிதர்.

"சார், புகை வரல. பனிதான் வந்திருக்கு. இன்னொரு தடவை சுடுங்களேன், ப்ளீஸ்."

ஓடியவர்களின் முதுகு இன்னும் மறையவில்லை. இரண்டாவது குழலில் தோட்டா இருந்தது. பெள்ளியப்பா கச்சையைச் சரிசெய்து, முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி—

சுட்டார்.

"சூப்பர் சார்" என்றார் படக்காரர்.

இப்படியா ஒருவர் மறப்பார்? அப்பா இறந்த அன்று, இதே துப்பாக்கியால் அந்த இரண்டு வேட்டையும் போட்டவர் இவர்தானே? நான் கேட்டதற்கு, "என் வேட்டு எனக்குச் சாவு வேட்டாக் கேட்கல, ரைட்டர். நான் சந்தோஷமா இருந்தேன்" என்றார். வேறு எந்த விளக்கமும் எனக்குக் கிடைக்கவில்லை.

6

பந்தல்களில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள் என்றேன் அல்லவா? ஒன்று. சிரித்தார்கள். இரண்டு. கரண்டி கீழே விழுந்தது.

"மாச்சய்யாதான்" என்றாள் சோண்டம்மா. "நேத்தே மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சுன்னாங்க. பாவம், தம்பி ஓட்டம் நடத்தற அன்னிக்கே போயிட்டார் பாரு."

பத்து நிமிஷத்தில் பந்தல்களில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் வீட்டுக்கு ஓடி, வெள்ளை உடுத்தி, ரோட்டு வழியாக மூல வீட்டை நோக்கி நடந்தார்கள். பனியன்காரர்கள் ஒரு பக்கமும் வெள்ளைக்காரர்கள்— இல்லை, வெள்ளை உடுத்தவர்கள் ஒரு பக்கமும். "என்ன ஒரு கலாசாரம்! நம்மை வரவேற்க ஊரே வெள்ளை உடையில் வந்திருக்கிறது" என்று ஒரு சென்னைக்காரர் கும்பிட்டுக்கொண்டே ஓடினாராம்.

ஆளில்லாத பந்தல்களில் ஓட்டக்காரர்கள் தாங்களாகவே பரிமாறிக்கொண்டார்கள். நெல்லிக்காய்ச் சாறு என்று நினைத்து சோண்டம்மாவின் பாத்திரத்தைக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு ஓடியது அவர்கள் அல்ல. ஒருவர் எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் மைசூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். (சொல்கிறவன் நான்தான்.) ஒருவர் ஒரு பசுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், இதைப் பார்த்த சாட்சி இருக்கிறது.

மூல வீட்டு வாசலில் மாச்சய்யாவின் மனைவி தேச்சம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழையப் போனது.

"எங்க போறீங்க எல்லாரும்?"

"மாச்சய்யாவைப் பார்க்க..."

"அவர் இல்லையே. சாவுக்குப் போயிருக்கார்."

"யார் சாவுக்கு?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? பெள்ளியப்பா போயிட்டான்ல!"

7

மாச்சய்யாவின் பக்கத்திலிருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. தேச்சம்மா சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேட்டுக்குக் கண்ணைத் திறந்தார். இரண்டாவதுக்கு எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பா துப்பாக்கி" என்றார். "தம்பி வீட்டுப் பக்கம். தம்பி போயிட்டான் தேச்சு."

"ஓட்டத்துக்குச் சுட்டிருப்பாங்க."

"அதுக்கு எவனாவது ரெண்டு சுடுவானா? வெள்ளையை எடு."

"எழுந்து நிக்க முடியல, எங்க போறீங்க? நான் போறேன்."

"உனக்கா தம்பி?"

மழைக்காலம் முழுவதும் கழிவறைக்குப் போகவே ஆள் பிடித்த மனிதர். கம்பை ஊன்றிக்கொண்டு, ரோட்டை விட்டு, தோட்டத்துக்குள் இறங்கிக் குறுக்கு வழியில் போனார். அதனால்தான் ஊர்க்கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போகிற குறுக்கு வழி பள்ளி மைதானத்தின் ஓரமாகத்தான் போகிறது. அங்கே அவர் காதில் விழுந்தது, ஒலிபெருக்கியில், செத்துப்போன தம்பியின் குரல்.

மைதானத்தில் பத்து கிலோமீட்டர்க்காரர்களில் முதல் ஆள் வருகிற நேரம். பெள்ளியப்பா மேடையில் மைக்கோடு நின்றிருந்தார். பனி இன்னும் விலகவில்லை. எல்லைக் கோட்டின் மேல் யாரோ ஒரு ஒடுங்கிய உருவம், வெள்ளை உடுப்பு, கையில் கம்பு. அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பெள்ளியப்பா கையை நீட்டி, மைக்கில், இரண்டு மலை கேட்கிற மாதிரி சொன்னார்:

"அங்க யாரு, வெள்ளை உடுப்புப் பெரியவரே! கோட்டைத் தாண்டி வெளிய போய் நில்லுங்க! ஆள் வர்ற நேரம்!"

உருவம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து, கோட்டைத் தாண்டி, வெளியே போனது. தொடர்ந்து ஓட்டக்காரன் வந்து நாடாவை அறுத்தான். பெள்ளியப்பா கைதட்டினார்.

(இந்த இடத்தில் ஒரு மாற்றுப் பத்தி எழுதிப் பார்த்தேன். பெள்ளியப்பா அண்ணனை அடையாளம் கண்டு, மைக்கைப் போட்டுவிட்டு ஓடுகிறார். நன்றாக வந்திருந்தது, நானே இரண்டு தடவை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொண்டுபோய்க் காட்டினேன். "இதை எடு" என்றார். "நான் அடையாளம் கண்டுபிடிக்கல. அதை மாத்தறதுக்கு உன்னை யார் கேட்டா? வேட்டை மட்டும் மாத்து.")

8

பிறகு வெள்ளைக் கூட்டம் மைதானத்துக்கு வந்தது. சோண்டம்மா மேடையில் ஏறி, பெள்ளியப்பாவின் கன்னத்தை ஒரு கிள்ளுக் கிள்ளிப் பார்த்தாள்.

"சூடாத்தான் இருக்கான். ஏண்டா, உனக்கு நீயே சுட்டுக்கிட்டியா?"

மைதானமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போதுதான் அவள் கேட்டாள்: "உங்க அண்ணன் எங்க? உனக்காக வெள்ளை கட்டிக்கிட்டு முதல்ல கிளம்பினாராமே. வரலையா?"

பெள்ளியப்பா எல்லைக் கோட்டைப் பார்த்தார்.

இங்கே அவர் போயிருக்கலாம். குறுக்கு வழியில் ஓடினால், கம்பை ஊன்றி நடக்கிற ஒரு நோயாளியை ஓடைக்கு இந்தப் பக்கமே பிடித்திருக்கலாம். ஆனால் முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் இன்னும் காட்டுக்குள் இருந்தார்கள், அதில் பாதிப் பேர் நெல்லிக்காய் மயக்கத்தில் இருந்தார்கள். எல்லாரும் வந்து சேரட்டும் என்று நினைத்தார். வந்து சேர மத்தியானம் ஆனது. பிறகு பரிசு கொடுக்கவேண்டியிருந்தது. சாயங்காலம் போகலாம் என்றால், போகிற வழியெல்லாம், "என்ன பெள்ளியப்பா, காரியம் என்னிக்கு?" என்று கேட்டார்கள். திங்கட்கிழமை, ஊர் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டார். செவ்வாயும் அப்படியே. ஒன்பது வருஷம் போகாதவருக்கு இரண்டு நாள் பெரிதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை, இருட்டத் தொடங்குகிற நேரம். அவர் வீட்டு முற்றத்தில் மாரத்தான் துணிப் பதாகைகளை மடித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேட்டு. அடுத்து இன்னொன்று.

இரண்டு நாளாகப் பையன்கள் தகர டப்பாவைத் தட்டி, பட்டாசு போட்டு, இப்படித்தான் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பெள்ளியப்பா முற்றத்து ஓரத்துக்குப் போய், வாயைக் குவித்துக்கொண்டு, மலை அதிரக் கத்தினார்:

"இன்னும் ரெண்டு சுடுங்கடா! தைரியம் இருந்தா இங்க வந்து சுடுங்க!"

அவர் மனைவி போஜம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, சத்தம் மூல வீட்டுப் பக்கம் இருந்துல்ல வருது?"

"அங்க போய் நின்னு சுடறானுங்க."

மீதிப் பதாகையையும் மடித்தார். ஊரிலும் யாரும் அசையவில்லை. சோண்டம்மா, "மறுபடியும் போட்டோ எடுக்கறானாக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தாளாம். அதை இப்போது சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இரட்டை வேட்டு போட்டும் ஒருவரும் வராத முதல் சாவு மாலக்கேரியில் அது. தேச்சம்மாவும், சுட்ட அவள் அண்ணன் மகனும், மாச்சய்யாவும் மட்டும் அந்தப் பெரிய வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அந்தப் பையன் டார்ச் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

பெள்ளியப்பா போனபோது தேச்சம்மா அழுதுகொண்டிருக்கவில்லை. சமையலறையில் ஒரு சட்டியைக் காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து சிரிச்சார். இருமி இருமிச் சிரிச்சார். 'ரெண்டாவது தடவையும் என்னைக் கிரவுண்டை விட்டு வெளிய அனுப்பிட்டான் தேச்சு. நல்லாத்தான் கத்தறான், இன்னும் இருபது வருஷம் இருப்பான்'னார். 'வருவான், பன்னிக்கறி வை'ன்னார். மூணு நாளாச் சுட வச்சுக்கிட்டே இருந்தேன்."

9

சரி. ஆர்டருக்கு வருகிறேன். ஒரே வேட்டு.

எழுதுவது சுலபம். படக்காரர் கேட்கிறார், பெள்ளியப்பா, "ரெண்டு சுட்டா வேற அர்த்தம் ஆயிடும் தம்பி" என்கிறார். முடிந்தது. பந்தல்காரர்கள் பந்தலிலேயே இருக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. சோண்டம்மா கரண்டியோடு காவல் நிற்பதால் ஒயின் ஆளுக்கு ஒரு வாய்தான். மாரத்தான் ஜோராக நடக்கிறது. அடுத்த வருஷமும் நடக்கிறது. பசுவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் இலக்கியத்துக்கு நஷ்டம்.

புதன்கிழமை சாயங்காலம் இரட்டை வேட்டு. பெள்ளியப்பா கையில் இருந்த பதாகையை அப்படியே போடுகிறார். வெள்ளை உடுத்துகிறார். ஊர் முழுவதும் போகிறது. எல்லாருக்கும் முன்னால் அவர் போகிறார். அண்ணனின் தலைமாட்டில், தம்பி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறார். ஒரு குறையும் இல்லை.

இங்கே எழுதுவதை நிறுத்தினேன். ஏனென்றால் இன்னொரு இடத்தை எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மூல வீடு, படுக்கை. ஒரே ஒரு வேட்டு கேட்கிறது. மாச்சய்யா கண்ணைத் திறக்கிறார்.

"அப்பா துப்பாக்கி. தம்பி வீட்டுல பையன் பொறந்திருக்கான் தேச்சு" என்கிறார். திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

எழுந்திருக்கவில்லை. வெள்ளையை எடுக்கச் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் இறங்கவில்லை, கோட்டின்மேல் வந்து நிற்கவில்லை, இருமி இருமிச் சிரிக்கவில்லை. பன்றிக்கறி வைக்கச் சொல்லவில்லை. தலைமாட்டில் நிற்கிற தம்பிக்கு, இந்த மனிதர் ஒன்பது வருஷத்தில் தன்னை ஒரு தடவையாவது நினைத்தாரா என்று தெரியவே தெரியாது.

வேறு வழிகளும் பார்த்தேன். முகம் தெரியும் அளவுக்குப் பனியைக் கொஞ்சம் விலக்கினேன், பெள்ளியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது வேட்டு ஒன்று போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கு எங்கள் ஊரில் எந்த அர்த்தமும் கிடையாது, எல்லாரும் குழம்பிப்போய் அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அப்போதும் மாச்சய்யா படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டார். எப்படித் திருப்பினாலும் அந்த இரண்டாவது வேட்டு இல்லாமல் அவர் எழுந்து வர மறுக்கிறார்.

10

போய்ச் சொன்னேன். அவர் சொன்னபடி எழுதியதையும், அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதையும்.

இந்தத் தடவை பெள்ளியப்பா உட்கார்ந்தார். ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தார். தின்னவில்லை, சுளை சுளையாகப் பிரித்துத் தோலின் மேலேயே அடுக்கினார்.

"அப்ப, ஒரு வேட்டுன்னா அவர் வரமாட்டார்."

"வரமாட்டார்."

"ரெண்டுன்னா நான் போகமாட்டேன்."

"நீங்க போயிருக்கலாம். அதுக்கும் வேட்டுக்கும் சம்பந்தம் இல்ல."

என் வாய் அப்படி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"கோட்டுமேல வந்து நின்னாரே... எப்படி நின்னார்னு எழுதியிருக்கியா?"

"இல்ல. பனி. எனக்குச் சரியாத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார்.

நான் கிளம்பும்போது, "எது நல்லா இருக்கோ அதை வச்சுக்கோ" என்றார். ஆரஞ்சுச் சுளைகள் அப்படியே இருந்தன. நானும் தொடவில்லை.

எனக்கு இதில் முடிவெடுக்கத் துணிவில்லை, வாசகரே. ஈயைத் தத்துவம் பேச வைக்கத் தெரியும். ஒரு மனிதன் மைசூர் வரை ஓடியதாகக் கதை கட்டத் தெரியும். இது தெரியவில்லை. அதனால் கதையைப் பின்னோக்கி நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.

விடிந்தும் விடியாத மைதானம். பனி. ஒரு வேட்டு போயாயிற்று; அதன் சத்தம் இன்னும் பன்றிமூச்சு மேட்டில் முட்டித் திரும்பிக்கொண்டிருக்கிறது. பந்தல்களில் சிரிக்கிறார்கள். ஓடுகிறவர்களின் முதுகுகள் இன்னும் தெரிகின்றன. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, காதைத் தீட்டியிருக்கிறார். மாலக்கேரியில் இந்த நிமிஷம் வரை ஒரு குழந்தைதான் பிறந்திருக்கிறது.

படக்காரர் தலையைத் தூக்கி, "சார், புகை வரல. இன்னொரு தடவை—"

பெள்ளியப்பாவின் விரல் இரண்டாவது விசைமேல் இருக்கிறது. அவர் படக்காரரைப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, உங்களைப் பார்க்கிறார்.